ரம்புட்டானுக்கு ஒரு ஜாமீன்

போன வாரம் தக்கலை ரோட்டில் ஒரு நர்சரியில் போய் நின்று, ஆண் ரம்புட்டான் கன்று இருக்கிறதா என்று கேட்டேன். விற்கிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கலாம். கையிலிருந்த தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆன்டி, ஆணு காய்க்காதே. பெண் மரமில்லா கேக்கணும்?"

"காய்க்காதுன்னு தெரியும் மக்கா. எனக்கு அதுதான் வேணும்."

அவள் உள்பக்கம் திரும்பி, "அண்ணா, இஞ்ச ஒரு ஆன்டி ஆணு ரம்புட்டான் கேக்காங்க" என்றாள். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு வந்தது, ஆள் வரவில்லை. வரிசையாகக் கறுப்புப் பைகளில் நின்ற கன்றுகள் ஒவ்வொன்றிலும் ஓர் அட்டை தொங்கியது. 'ஒட்டுக்கன்று. மூன்றாம் வருடம் காய்க்கும். காய் உறுதி.' மங்குஸ்தானுக்கு உறுதி, துரியானுக்கு உறுதி, வாயில் நுழையாத பெயருள்ள ஏதோ பிரேசில் பழத்துக்கும் உறுதி. கல்யாணத் தரகர்கூட இவ்வளவு உறுதி தரமாட்டார்.

அவர்கள் சிரித்ததில் எனக்குக் கோபமில்லை. என் கண் அந்த அட்டையிலேயே இருந்தது. நானும் ஒரு காலத்தில் ஒரு மரத்துக்கு உறுதி சொன்னவள்தான். அட்டை கிட்டை ஒன்றும் கிடையாது, வாயால் சொன்னேன், அதுவும் ஊரைக் கூட்டி வைத்து. அதைச் சொன்னால்தான் இந்த வயதில் நான் எதற்கு ஆண் மரம் தேடி அலைகிறேன் என்பது உங்களுக்கு விளங்கும்.

அப்போது நான் நாகர்கோவில் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேசவேண்டுமென்றால் எங்களிடம் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டிய காலம். காதில் ஹெட்செட், முன்னால் துளை துளையாக ஒரு போர்டு. கார்டு என்கிற ஒயரை எடுத்து உரிய துளையில் செருகினால் அந்த ஊர் ஆபரேட்டர் வருவாள். அந்த ஹெட்செட்டுக்கு ஒரு வாசனை உண்டு. வியர்வையும் தேங்காயெண்ணெயும் பழைய ரப்பரும் கலந்தது. எங்காவது பழைய ரப்பர் நெடி அடித்தால் இன்றைக்கும் என் காதில் ஸ்டெல்லாவின் குரல் கேட்கும்.

ஸ்டெல்லா குலசேகரம் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் லைன் சும்மா கிடக்கும். சூப்பர்வைசர் சாப்பிடப் போயிருப்பார். அப்போது பேசுவோம். முகம் பார்த்ததில்லை. அவளுக்கு மூன்று பிள்ளைகள் என்பதும், மீன்கறிக்கு மாங்காய் போடுவாளா புளி போடுவாளா என்பதும் எனக்குத் தெரியும். கறுப்பா சிவப்பா என்று தெரியாது.

"ஒங்க நாட்டுல நெல்லும் வாழையும் அல்லாம என்னம்பிளே உண்டு?" என்பாள்.

"சோறு உண்டு. ஒங்கள மாதிரி மரச்சீனிக் கிழங்க அவிச்சுத் தின்னுட்டுக் கெடக்கலே" என்பேன்.

கிழக்கும் மேற்கும் இப்படித்தான். மேற்கே அவர்கள் பக்கம் மழையும் மலையும்; குச்சியை நட்டால் மரமாகும். கிழக்கே எங்கள் ஊரான தேரூர்ப் பக்கம் வயலும் குளமும், ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றும். அந்தக் காற்று வாழையைக் கிழிக்கும், முருங்கையை முறிக்கும், கொடியில் கிடக்கிற வேட்டியைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஒருநாள் ஸ்டெல்லா, "அஞ்சு மணி பஸ் டிரைவர்ட்ட ஒரு பொதி குடுத்து விட்டிருக்கேன், போய் வேண்டிக்கோ" என்றாள். அன்றைக்கெல்லாம் மேற்கேயிருந்து எது வருவதென்றாலும் பஸ் டிரைவர் கையில்தான். வடசேரி பஸ் ஸ்டாண்டில் வாங்கி, அங்கேயே நின்று காகிதத்தைப் பிரித்தேன். சிவப்பாக, மயிர் மயிராக, உருண்டையாக இருபது முப்பது கிடந்தன. முதலில் ஏதோ பூச்சி என்று கையை உதறிவிட்டேன், உண்மையைச் சொல்வதில் என்ன வெட்கம். அப்புறம் ஒன்றைப் பல்லால் கடித்துத் தோலை உரித்தேன். உள்ளே நுங்குபோல ஒரு வெள்ளை. பஸ் வந்தது, போனது. நான் வீட்டுக்குக் கொண்டுபோனது ஆறேழு பழமும் மூன்று விதையும்தான்.

அந்த மூன்று விதையையும் ஒரு மால்ட் மாவு டப்பாவில் ஊன்றினேன். ஒன்று முளைத்தது. அதை முற்றத்துக் கிணற்றுச் சுவரின் மறைவில், காற்று நேராகப் படாத மூலையில் நட்டேன்.

இங்கே என் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இரண்டாவது மருமகள். அந்த வீட்டில் எதற்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. அடுக்களை மாமியாருடையது. முன்னறை மாமனாருடையது. அலமாரி என் கணவரின் அண்ணன், மூத்த அத்தானுடையது; அவர் மஸ்கட்டில் இருந்தாலும் சாவி அவருடையது. என் சம்பளம்கூடப் பொதுவில் போனது. என்னுடையது என்று சொல்ல அந்தக் கிணற்றோரத்து இரண்டு முழ இடம்தான் இருந்தது. அது மரமாக வேண்டும், காய்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டதை ஆசை என்று சொன்னால் போதாது. வெறி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டு வருஷம் வளர்த்தேன். மீன் கழுவின தண்ணீர் ஒரு சொட்டுக்கூட வெளியே போனதில்லை, எல்லாம் அதன் தூருக்குத்தான். காற்றுக் காலத்தில் ஓலைத் தட்டி கட்டினேன். எட்டாம் வருஷம் மாசியில் பூத்தது. அடேயப்பா, அப்படி ஒரு பூ! கொத்துக் கொத்தாக, தேனீ மொய்க்க. வீட்டில் எல்லோருக்கும் இத்தனை பழம் என்று மனதுக்குள் பங்குகூடப் போட்டுவிட்டேன். பங்குனியில் பூவெல்லாம் கொட்டியது. ஒரு பிஞ்சு இல்லை. ஒன்பதாம் வருஷமும் அதே. காய்க்கட்டும் என்று தூரில் ஆணி அடித்தோம். கிளையில் பழைய செருப்பைக் கட்டினோம். பத்தாம் வருஷமும் பூத்தது. மாமியார் அதைப் பெயர் சொல்வதை விட்டுவிட்டு 'அந்த மலடி' என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அந்தப் பங்குனியில்தான் மூத்த அத்தான் லீவில் வந்தார். கார் வாங்கப் போவதாகச் சொன்னார். கார் வரவில்லை, ஷெட்டுக்கான கயிறு முதலில் வந்தது. முற்றத்தில் முளையடித்துக் கயிறு கட்டினார். கயிறு நேராக என் மரத்தின் மேல் போய் முட்டி நின்றது.

"காய்க்காத மரம் வீட்டு முன்னால என்னத்துக்கு நிக்கி?" என்றார். "வெட்டிப் போடுவோம்."

மாமியாருக்கே கொஞ்சம் மனம் கேட்கவில்லை. பத்து வருஷம் நின்ற மரம். "ஒரு தடவ மெரட்டிப் பாத்துருவோம்டே" என்றார்.

எங்கள் பக்கம் இது ஒரு வழக்கம். காய்க்காத மரத்தை மிரட்டுவார்கள். ஒருவர் கோடாலியை ஓங்கிக்கொண்டு வெட்டப் போகிறேன் என்பார். இன்னொருவர் குறுக்கே வந்து, விட்டுவிடுங்கள், வருகிற வருஷம் காய்த்துவிடும், நான் ஜாமீன் என்பார். மரம் இதைக் கேட்டுப் பயந்து காய்க்கும் என்பது நம்பிக்கை. நாடகம்தான். புளி, மா, பலா என்று எதற்கெல்லாமோ நடந்து, சிலது காய்த்தும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை. அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் வந்துவிட்டார்கள். அத்தான் கோடாலியோடு நின்றார். "ஏ மரமே, பத்து வருசமா சும்மா நிக்கே. இன்னைக்கு ஒன்ன வெட்டப் போறேன்" என்று ஓங்கினார். குறுக்கே போக வேண்டியது மாமியார்; அப்படித்தான் பேச்சு. அந்தக் கோடாலியின் வாய் வெயிலில் மின்னியதைப் பார்த்ததும் எனக்கு நாடகம் மறந்துவிட்டது. ஓடிப்போய் மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

"வெட்டாதீங்க அத்தான். காய்க்கும். நான் ஜாமீன்."

அத்தான் கோடாலியை இறக்கினார். இறக்கிவிட்டுச் சிரித்திருந்தால் முடிந்திருக்கும். மஸ்கட்டில் கம்பெனிக்காரர்களோடு பழகிப் பழகி அவருக்கு எல்லாமே காண்ட்ராக்ட்.

"சரிம்மா. ரெண்டு வருசம் கழிச்சு அடுத்த லீவுக்கு வருவேன். அப்ப காய் இருக்கணும். இல்லேன்னா ஒன் கையாலயே வெட்டணும். சம்மதமா?"

பத்துப் பேரும் என்னைப் பார்த்தார்கள். என் கணவர் பேப்பரைப் பார்த்தார். "வெட்டுதேன்" என்றேன்.

மறுநாள் மத்தியானம் கார்டைச் செருகி ஸ்டெல்லாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவள் கேட்டது ஒரே கேள்வி.

"பூவத் தொட்டா கையில மஞ்சப் பொடி ஒட்டுதா?"

"ஒட்டாம? சேலையெல்லாம் ஒட்டும். நல்ல செழிப்பான பூவாக்கும்."

லைன் கட்டாகிவிட்டதோ என்று கார்டை ஆட்டினேன். அப்புறம் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், ஹெட்செட்டைக் கழற்ற வேண்டியதாயிற்று.

"ஏட்டி, நீ ஜாமீன் நின்னது ஒரு ஆம்பிளைக்காக்கும். அது ஆணு மரம்பிளே. நூறு வருசம் மெரட்டினாலும் அது எப்பிடிக் காய்க்கும்?"

விதையிலிருந்து வளர்த்தால் ரம்புட்டானில் பாதி ஆணாகப் போகுமாம். எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே ஓர் ஆண் பனை நிற்கிறது. அது நுங்கு தராது என்று தவழுகிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதை ஒருவரும் மிரட்டியதில்லை, அதற்கு ஒருவரும் செருப்புக் கட்டியதில்லை. ஆனால் முற்றத்து மரம் காய்க்கவில்லை என்றதும் மலடி என்றுதான் வாயில் வந்தது. அது ஆணாக இருக்கும் என்று எங்கள் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"ஒண்ணும் பேடிக்காத. லீலாவ அனுப்புதேன்" என்றாள் ஸ்டெல்லா.

லீலா ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து வீட்டுக்காரி. ரப்பர் நர்சரியில் ஒட்டுப் போடுகிறவள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் போடும் கை. வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு அரிவாளை எடுத்து, என் பத்து வருஷத்துக் கிளைகளை ஒவ்வொன்றாக வெட்டித் தள்ளினாள். வடக்குப் பக்கத்துக் கொம்பு ஒன்றை மட்டும் விட்டாள்.

"இது நிக்கட்டும் எக்கா. பெண்ணு பூத்தாலும் பொடி வேணுமே. ஆணு ஒண்ணு பக்கத்துல நின்னாத்தான் நல்லாப் பிடிக்கும்."

ஊர் என்ன சொல்லும்? கெடு முடிவதற்கு முன்னாலேயே ஜாமீன்காரி மரத்தை வெட்டிவிட்டாள் என்றது. மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அதிலும் ஒரு லாபம் இருந்தது. செய்தி மஸ்கட்டுக்கும் போயிற்று. அத்தானிடமிருந்து கடிதம் வந்தது: 'வெட்டியது நல்லது. தூரையும் தோண்டி எடுத்துவிடவும்.'

தூரைத் தோண்டவில்லை. வெட்டின இடத்திலெல்லாம் துளிர் வந்தது. ஆவணியில் அது விரல் பருமன் ஆனதும் லீலா மறுபடி வந்தாள். அவள் வீட்டருகே நன்றாகக் காய்க்கிற ஒரு மரத்தின் கம்புகளை ஈர வாழைப்பட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். புதுக் கிளையின் தோலில் நகம் அளவுக்கு ஒரு சன்னல் வெட்டினாள். கம்பிலிருந்து அதே அளவுக்கு மொட்டோடு ஒரு தோலை உரித்தாள். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

"தொடாத எக்கா. கை வேர்ப்பு பட்டா பிடிக்காது."

அதைச் சன்னலில் பொருத்தி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றினாள். மொத்தம் பன்னிரண்டு. மூன்று வாரம் கழித்து வந்து நாடாவை அவிழ்த்து, ஒட்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பார்த்தாள். பச்சை என்றால் பிடித்திருக்கிறது, பழுப்பு என்றால் போயிற்று. முதலாவது பழுப்பு. இரண்டாவது பழுப்பு. மூன்றாவது பச்சை. மொத்தம் ஏழு பச்சை. லீலாவைக் கட்டிக்கொண்டேன், அவள் கத்தியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்றாள்.

போகும்போது ஒன்று சொன்னாள். "ஒட்டுக்குக் கீழ, அடிமரத்துல வருகதெல்லாம் பழைய ஆணுக்க துளிராக்கும். கண்டா கிள்ளிக் களையணும். விட்டா அவன் கேறி வந்துருவான்." அன்றிலிருந்து காலையில் கிணற்றடிக்குப் போனால் என் முதல் வேலை அதுதான். கை தானாகப் போகும்.

இரண்டு வருஷம் ஆகி, அத்தான் வைகாசியில் வந்தபோது மரத்தில் நான்கு கொத்துப் பிஞ்சு இருந்தது. சுண்டைக்காய் அளவு, பச்சை. அத்தான் டீ கிளாஸோடு வந்து அண்ணாந்து பார்த்தார்.

"இது காயா?"

"காய்தான் அத்தான்."

"பழுக்கட்டும் பாப்போம். ஜாமீன் பழத்துக்குத்தான்." ஷெட்டுக்குக் கயிறு மறுபடி கட்டப்பட்டது.

ஆனி பிறந்தது, காற்று வந்தது. முதல் நாளே ஒரு கொத்து போயிற்று. பழைய சேலை இரண்டைச் சேர்த்துத் தைத்து மரத்தைச் சுற்றிக் கட்டினேன். வவ்வாலுக்குக் கொசுவலை. ஒரு வாரத்தில் இன்னொரு கொத்தும் உதிர்ந்தது. நான் ஆபீசில் தப்புத் தப்பாகக் கார்டு செருகினேன். கோட்டாறு அரிசிக் கடைக்குப் போகவேண்டிய அழைப்பு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனது.

ஒருநாள் ஷிப்ட் முடிந்து வருகிறேன். காற்று ஊளையிடுகிறது. சேலை கிழிந்து பறக்கிறது. மரத்தடியில் ஸ்டூல் போட்டு அதன் மேல் அத்தான் நிற்கிறார். இரண்டு கையாலும் ஒரு கொத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட கம்பளி, யாரையும் தொடவிடாத கம்பளி, கிளையைச் சுற்றியிருக்கிறது.

"பாத்துட்டு நிக்கியே, அந்தக் கயத்த எடு" என்றார்.

ஷெட்டுக்கு அளந்த கயிறுதான் பக்கத்தில் இருந்தது. முளையைப் பிடுங்கி அதைக் கொடுத்தேன். அதைக் கொண்டே கம்பளியை இறுக்கிக் கட்டினார்.

அவர் விமானம் ஏற இரண்டு நாள் இருந்தபோது ஒரு பழம் சிவந்தது. பச்சை மஞ்சளாகி, மஞ்சள் ஒரு பக்கமாகச் சிவந்து, காலையில் பார்த்தால் முழுச் சிவப்பு. அன்றைக்குக் கோடாலியைப் பார்க்க வந்த பத்துப் பேரையும் ஆள்விட்டுக் கூப்பிட்டேன். தாம்பாளத்தில் வைத்து அத்தானிடம் நீட்டினேன். உரித்தார், வாயில் போட்டார், சப்பினார். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். விதையைத் துப்பிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னொண்ணு இல்லியா?"

"நாளைக்கு ஒண்ணு பழுக்கும். ஜாமீன் தீந்துதா அத்தான்?"

"தீந்துது. ஷெட்ட மேக்க போட்டுக்கிடலாம்."

அன்று என்னைப் பிடிக்க முடியவில்லை. அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். மாமியார், "எங்க வீட்டு ரம்புட்டான்" என்று பத்துப் பேரிடமும் சொன்னார். நான் திருத்தவில்லை. யாருடையது என்று அத்தனை பேருக்கும் தெரியும்.

அடுத்த வருஷம் கூடை நிறையக் காய்த்தது. ஐந்து மணி பஸ்ஸில், இந்தத் தடவை கிழக்கேயிருந்து மேற்கே, ஒரு பொதி போயிற்று. "எங்க மரத்தக் காட்டிலும் இனிப்பு கூடுதலாக்கும். ஒங்க வெயிலுக்க வேலையா இருக்கும்" என்றாள் ஸ்டெல்லா. அவள் வாயிலிருந்து அது வந்ததே, அதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டாம். சில வருஷம் கழித்து, குலசேகரத்தில் லீலா கம்பு எடுத்த அந்தத் தாய் மரத்தை வீடு கட்ட வெட்டிவிட்டார்கள். லீலா என்னிடம் வந்து நின்றாள், "எக்கா, கம்பு தருவியளா?" என்று. நெல்லும் வாழையும் அல்லாமல் ஒன்றுமில்லாத நாட்டிலிருந்து குலசேகரத்துக்குக் கம்பு போயிற்று. வாழைப்பட்டையில் நானே சுற்றிக் கொடுத்தேன். இன்றைக்கு அந்த நர்சரியில் அட்டை தொங்குகிற கன்றுகளில் எத்தனையில் என் மரம் இருக்கிறதோ, யார் கண்டது.

எக்ஸ்சேஞ்சில் போர்டை எடுத்துவிட்டார்கள். எல்லாம் தானியங்கி ஆயிற்று. ஸ்டெல்லாவை எங்கோ மாற்றினார்கள், நானும் வேறு பிரிவுக்குப் போனேன். ஊரெல்லாம் எங்களிடம் நம்பர் கேட்டது. நாங்கள் ஒருவருக்கொருவர் நம்பர் வாங்கிக்கொள்ளவில்லை. அது வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை, கார்டைச் செருகினால் போதுமாக இருந்தது. லீலாவும் மகளோடு கேரளத்துக்குப் போய்விட்டாள். விதை ஊன்றி, வருவது வரட்டும் என்று காத்திருக்கிறவர்கள் இப்போது இல்லை. மரத்தை மிரட்டுகிறவர்களும் இல்லை, ஜாமீனுக்கு ஆளும் வேண்டாம். அட்டையே நின்றுகொள்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெருங்காற்றில், லீலா விட்டுவைத்த அந்த வடக்குக் கொம்பு முறிந்தது. காய்க்காத கொம்புதானே என்று விறகாக்கிவிட்டோம். அந்த வருஷமே காய் பாதியாயிற்று. போன வருஷம் அதிலும் பாதி. பலதும் உள்ளே ஒன்றுமில்லாத வெறுங்கூடு. மரத்துக்கு வயதாகிவிட்டது என்றார் என் கணவர். எனக்குத்தான் மெல்ல உறைத்தது. இத்தனை வருஷம் சும்மா நின்றதாக நாங்கள் நினைத்த கொம்பு சும்மா நிற்கவில்லை, பெண் பூவுக்குப் பொடி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அதனால்தான் ஆண் கன்று தேடி நர்சரிக்குப் போனேன், சிரிப்பை வாங்கிக்கொண்டு வந்தேன்.

திரும்பி வந்து கிணற்றடியில் கால் கழுவினேன். அடிமரத்தில், ஒட்டுக்கு ஒரு முழம் கீழே, செம்பழுப்பாக ஒரு துளிர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கை தானாகப் போயிற்று. கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் அதன் கழுத்தைப் பிடித்துவிட்டன.

அப்படியே நின்றேன். இத்தனை வருஷமாகத் தினமும் கிள்ளிக்கொண்டிருந்தவனைத்தான் நான் தக்கலை வரைக்கும் போய்த் தேடியிருக்கிறேன். ஸ்டெல்லா அனுப்பிய விதை இது. அன்றும் இன்றும் என் முற்றத்தில்தான் நிற்கிறது. விரலை எடுத்தேன்.

மஸ்கட் வேலையை விட்டு வந்து, மேற்கே ஷெட்டை ஒட்டிய தன் பங்கு வீட்டில் இருக்கிற அத்தான், டீ கிளாஸோடு மெதுவாக வந்தார். எண்பதை நெருங்குகிறார். விஷயத்தைச் சொன்னேன். குனிய முடியாமல் குனிந்து அந்தத் துளிரைப் பார்த்தார்.

"இது எப்ப பூக்கும்?"

"தெரியாது அத்தான். வருசக் கணக்காகலாம். பூக்குமோ என்னமோ."

அவர் கிளாஸைக் கிணற்றுச் சுவரில் வைத்தார். ஷெட்டுக்குள் போய் ஒரு முளையும் கொஞ்சம் கயிறும் எடுத்துவந்து, துளிருக்குப் பக்கத்தில் முளையைக் குத்தினார்.

"பூக்கும்" என்றார். "நான் ஜாமீன்."